மாசி கம்போஃபியோரின்: குன்னூர் குளிருக்கு சரியான இத்தாலி ரெட் ஒயின்

முதல்லயே சொல்லிடறேன், இனிப்பு ஒயின் தேடுறவங்களுக்கு இது செட் ஆகாது. நம்ம ஊர்ல ஒயின்னாலே கிறிஸ்துமஸுக்கு வீட்ல ஊற வச்ச, சர்க்கரையும் பட்டை கிராம்பும் தூக்கலா இருக்கிற அந்த ஐட்டம்தான் ஞாபகம் வரும், ப்ளம் கேக்கோட அது சூப்பர்தான், ஆனா அந்த நெனப்புல இதை வாய்ல வச்சா மூஞ்சி சுளிச்சிரும்.

மாசிங்கிறது வெரோனா பக்கத்துல வல்போலிசெல்லா ஏரியா கம்பெனி. போஸ்கெய்னி குடும்பம் 1772லருந்து அங்க திராட்சை போடுறாங்க, 2015ல ஷேர் மார்க்கெட்டுக்கு வந்தப்புறமும் அந்த குடும்பம்தான் நடத்துது. கம்போஃபியோரின் முதல் வருஷ சரக்கு 1964 அறுவடை. கொர்வினா, ரொண்டினெல்லா, மொலினாரான்னு அந்த ஊர் திராட்சைங்க. இதுல விசேஷம் என்னன்னா புதுப் பழத்துல ஒயின் பண்ணிட்டு, அதே திராட்சையில கொஞ்சத்தை தனியா தட்டுல பரப்பி காத்தோட்டமா வாரக்கணக்குல வாடவிட்டு, அதையும் உள்ள போட்டு ரெண்டாவது தடவை நொதிக்க விடுறாங்க. டீ ஃபேக்டரி பக்கம் வளந்தவங்களுக்கு இது சட்டுனு புரியும், பறிச்ச இலையை ட்ரஃப்ல ராத்திரி பூரா வாட்டறோமே அதே கணக்குதான், தண்ணி இறங்க இறங்க உள்ள இருக்கிறது கெட்டியாகும். அமரோனேன்னு அதே ஏரியாவுல இன்னொன்னு இருக்கு, அது முழுக்க வாடின பழத்துலயே பண்றது, அதனால விலையும் எங்கயோ போயிரும். அந்த ருசி கொஞ்சம் எட்டிப் பாக்கணும், பர்ஸும் தாங்கணும்னா இதுதான் வழி.

ருசின்னா, மூக்குக்கு செர்ரி, உலர்ந்த ப்ளம். வாய்ல புளிப்பு நல்லாவே இருக்கு, துவர்ப்பு கம்மி, முழுங்கினப்புறம் லேசா ஒரு கசப்பு நிக்குது, எனக்கு அந்த கசப்புதான் புடிச்சுது. ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு சொல்றது 16, 18 டிகிரி ரூமை வச்சுதான், சென்னை ரூம் இல்ல. மேட்டுப்பாளையத்துல குடிக்கிறவங்க கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், நமக்கு டிசம்பர் சாயங்காலம் டேபிள் மேலயே ரெடி. ரொம்ப சில்லுனு இருந்தா வாசனையே வராது, கிளாஸை கையால பொத்தி வச்சுக்குங்க.

சாப்பாடுதான் முக்கியம். சும்மா குடிச்சப்போ புளிப்பு ஓவரா தெரிஞ்சுது, மிளகு போட்ட மட்டன் வறுவல் தட்டுல வந்ததும் கொழுப்பை அப்படியே வெட்டிருச்சு. பச்ச மிளகா காரம் வேணாம், ஆல்கஹாலோட சேந்து எரியும். ஏக்கர்ஸ் வைல்டு பண்ணை சீஸ் இருந்தா அதுவே போதும். வர்க்கியோட ட்ரை பண்ணான் தம்பி, வேஸ்ட்.

டாஸ்மாக் எலைட் கடைல இது எப்பவும் கெடைக்கும்னு நம்பி இறங்காதீங்க, எனக்கு மச்சான் டியூட்டி ஃப்ரீல வாங்கிட்டு வந்தது. நீலகிரில காலி பாட்டில் திருப்பிக் குடுத்தா 10 ரூபா தர்ற ஸ்கீம்ல இது சேராது, அதனால எங்கம்மா மணி பிளான்ட் வச்சுட்டாங்க. மிச்சம் இருந்தா கார்க்கை அடைச்சு வைங்க, மறுநாள் இன்னும் நல்லா இருந்துச்சு, அதுக்கு மேல இழுத்தா புளிச்சுரும். திரும்ப வாங்குவேனான்னா, வாங்குவேன். ரெண்டு லிட்டர் வரைக்கும் வரி இல்லாம கொண்டு வரலாம், அப்போ ரெண்டு பாட்டில் தாராளமா வரும், மச்சானுக்கு மெசேஜ் போட்டாச்சு.