என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை: தேர்வுக்கு 4 ஸ்டார், அதற்குப் பிந்தைய வேலைக்கு 2

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட் அன்று மாநில முதலிடம் யார் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்த காலம் 2017-உடன் முடிந்தது. ரேங்க் பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசே நிறுத்திவிட்டது, நல்லதுதான். தேசிய அளவில் பெயர் வாங்கித் தந்த என்.டி.எஸ்.இ. எனும் தேசியத் திறனறித் தேர்வும் 2021 மார்ச்சில் ஒப்புதல் முடிந்து, நீட்டிப்பு இல்லாமல் கிடக்கிறது. நன்றாகப் படிக்கிற ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளையை அரசு அடையாளம் கண்டு கையில் பணமும் கொடுக்கிற வழிகள் இன்று சிலவே. அவற்றில் அதிகம் பேருக்குப் போய்ச் சேருவது என்.எம்.எம்.எஸ். என்கிற தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் திட்டம். ஒரு சேவையாகப் பார்த்தால் அது எப்படி இருக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதுதான் இந்த விமர்சனம்.

முதலில் கிடைப்பது என்ன. மாதம் 1000 ரூபாய், ஆண்டுக்கு 12,000. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டும் தொடர்ந்தால் 48,000. 2008-ல் தொடங்கியபோது ஆண்டுக்கு 6000 ஆக இருந்தது. 2017 ஏப்ரலில் இருமடங்கானது. அதன்பின் ஏறவில்லை, விலைவாசி மட்டும் ஏறியிருக்கிறது. நாடு முழுக்க ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர். தமிழ்நாட்டுப் பங்கு 6695. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். தனியார் பள்ளி, கேந்திரிய வித்யாலயா, நவோதயா கிடையாது. பெற்றோர் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. பழைய வரம்பு 1.5 லட்சம். இன்னமும் அந்தப் பழைய எண்ணை மனதில் வைத்துக்கொண்டு "நமக்கு வராது" என்று விட்டுவிடுகிற குடும்பங்கள் உண்டு.

தேர்வு எட்டாம் வகுப்பில், பெரும்பாலும் பிப்ரவரி வாக்கில். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 50. இரண்டு தாள். மேட் எனப்படும் மனத்திறன் தாளில் 90 கேள்வி, 90 நிமிடம். சாட் எனப்படும் படிப்பறிவுத் தாளிலும் அதே 90, அதே 90. அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணிதம் 20. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. இரண்டும் சேர்த்து 40 சதவீதம், அதாவது 180-க்கு 72 எடுத்தால்தான் தகுதிப் பட்டியலைப் பற்றிப் பேசவே முடியும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 32 சதவீதம். அதற்கு மேல் போட்டி இடஒதுக்கீட்டுப்படி.

தேர்வின் அமைப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்த பிள்ளை சாட் தாளில் நிமிரும், மேட் தாளில் தடுமாறும்; கணக்குப் புதிரில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இது தலைகீழ். இரண்டு தலைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். மேட் தாளில் தோற்கிறவர்கள் பெரும்பாலும் தெரியாமல் தோற்பதில்லை, நேரம் போதாமல் தோற்கிறார்கள். கேள்விக்கு ஒரு நிமிடம் என்பது சராசரிதான். எண் தொடர், எழுத்துக் குறியீடு, ஒத்த உறவு, கண்ணாடி பிம்பம் இவையெல்லாம் 30 நொடி வேலை. உட்காரும் வரிசை, ரத்த உறவு, திசைக் கணக்கு வந்தால் இரண்டு நிமிடம் தின்றுவிடும். முதல் கேள்வியிலிருந்து வரிசையாகப் போட்டுக்கொண்டு போகிற பிள்ளை 60-ஐத் தாண்டும்போது மணி அடித்துவிடும். முதல் சுற்றில் எளியவை, இரண்டாம் சுற்றில் மற்றவை, கடைசி மூன்று நிமிடத்தில் வெறுமையாக இருக்கிற வட்டமெல்லாம் ஏதாவது ஒன்று என்று பயிற்சி கொடுத்தாலே மதிப்பெண் கூடும். சுற்று மாற்றும்போது ஓ.எம்.ஆர். தாளில் ஒரு வரிசை தள்ளி வட்டமிடுவதுதான் இதிலுள்ள ஆபத்து. கேள்வித்தாளில் விட்ட கேள்வி எண்ணைச் சுழித்துவைக்கும் பழக்கம் அதைத் தடுக்கும். இந்தப் பயிற்சியைப் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு தொடங்குகிற பள்ளிகளுக்குப் பலன் குறைவு. ஆடி மாதமே வாரம் இரண்டு மேட் வகுப்பு வைத்தால்தான் கை பழகும்.

விண்ணப்பத்தை மாணவர் நேரடியாக அனுப்ப முடியாது. படிவத்தை நிரப்பித் தலைமையாசிரியரிடம் கொடுக்க, அவர் தேர்வுத் துறை இணையதளத்தில் ஏற்றி, கட்டணம் 50 ரூபாயையும் செலுத்துவார். இங்கே எழுத்துப்பிழையாக நுழைகிற பெயர் அடுத்த நான்கு ஆண்டும் துரத்தும். பள்ளிப் பதிவேட்டில் எஸ். கவிதா, ஆதாரில் கவிதா சுப்பிரமணி, வங்கிப் புத்தகத்தில் கவிதா எஸ். மூன்றும் ஒரே பிள்ளைதான். கணினிக்கு மூன்று பேர். ஆதாரில் உள்ளபடியே எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவிலும், எமிஸில் உள்ளபடியே விண்ணப்பத்திலும் இருக்கும்படி தேர்வுக்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும். பிறந்த தேதிக்கும் இதே விதி.

இரண்டு ஸ்டார் வாங்குகிற பகுதி இனிமேல்தான். தேர்ச்சிப் பட்டியலில் பெயர் வந்தவுடன் பள்ளி வாசலில் பேனர் கட்டியாயிற்று, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கைதட்டியாயிற்று. பணம் வர இது போதாது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபின் என்.எஸ்.பி. எனும் தேசிய உதவித்தொகை போர்ட்டலில் மாணவர் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஒருமுறைப் பதிவு செய்து ஓ.டி.ஆர். எண் வாங்க வேண்டும், முக அடையாளம் சரிபார்க்க வேண்டும், வருமானச் சான்று, சாதிச் சான்று ஏற்ற வேண்டும். பிறகு பள்ளி அளவில் ஒரு சரிபார்ப்பு, மாவட்ட அளவில் இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கடைசித் தேதி.

இப்போது தமிழ்நாட்டுப் பள்ளிகளின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. தேர்வுக்குத் தயார் செய்ததும், பட்டியலைப் பார்த்ததும் அந்தப் பள்ளி ஆசிரியர். விண்ணப்பிக்க வேண்டியது பிள்ளை ஜூனில் போய்ச் சேர்ந்த உயர்நிலைப் பள்ளி. அங்கே இந்தப் பிள்ளை தேர்ச்சி பெற்றதே யாருக்கும் தெரியாது. மாற்றுச் சான்றிதழில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. வீட்டிலோ, "பாஸாகிட்டா, பணம் தானா வரும்" என்ற நம்பிக்கை. உதவித்தொகை சத்தமில்லாமல் கைநழுவுகிற முதல் இடம் இதுதான். ஒன்பதாம் வகுப்பில் விட்டுவிட்டால் பிறகு புதிதாக நுழைய வழி இல்லை. நடுநிலைப் பள்ளி ஆசிரியர் செய்யக்கூடியது எளிது: டி.சி. கொடுக்கும்போதே தேர்வு எண், தரவரிசைப் பட்டியல் நகல், சான்றுகளின் நகல் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, புதிய பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு போன். புதிய பள்ளியும் ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கையின்போது "என்.எம்.எம்.எஸ். பாஸா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடலாம்.

பள்ளிப் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. போர்ட்டலில் பள்ளியின் பொறுப்பு அலுவலராகப் பதிவானவர் மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போயிருப்பார். கடவுச்சொல் அவரோடு போயிருக்கும். புதியவர் தன் விவரத்தை ஏற்றி ஒப்புதல் வாங்குவதற்குள் கடைசித் தேதி நெருங்கிவிடும். மாணவர் பதிவுக்கு ஆசிரியர் தன் செல்போன் எண்ணையே கொடுத்துவிடுவது அன்றைக்கு வேலையை முடிக்கும். மறு ஆண்டு ஓ.டி.பி. யாருடைய போனுக்குப் போகிறது என்று தேட வேண்டியிருக்கும். வீட்டில் நிலையாக இருக்கிற எண் ஒன்றைக் கொடுப்பதே சரி, ரீசார்ஜ் செய்கிற எண்ணாக.

குறையோடு போன விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவர் "டிஃபெக்ட்" என்று திருப்பி அனுப்புவார். அது நிராகரிப்பு இல்லை. திருத்தி மறுபடி அனுப்பலாம். ஆனால் யாரும் போர்ட்டலைத் திறந்து பார்க்காவிட்டால் அது அப்படியே கிடந்து காலாவதியாகும். சமர்ப்பித்த நாளோடு விடாமல், சரிபார்ப்புக் கெடு முடிகிறவரை வாரம் ஒருமுறை நிலையைப் பார்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்தும் பணம் வரவில்லை என்றால் பெரும்பாலும் வங்கிதான் காரணம். பணம் நேரடிப் பரிமாற்றமாக, ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும். விண்ணப்பத்துக்காக ஒரு வங்கியில் கணக்கு திறந்திருப்பார்கள். இடையில் வேறு உதவிக்காகத் தபால் துறை பேமென்ட்ஸ் வங்கியில் இன்னொன்று திறந்து, ஆதார் அங்கே மாறியிருக்கும். "வரலைங்க சார்" என்று பெற்றோர் அலைகிற பணம் அந்த இன்னொரு கணக்கில் இருக்கும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். பரிவர்த்தனை இல்லாமல் முடங்கிய கணக்கு இன்னொரு காரணம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 100 ரூபாய் போட்டு எடுத்தால் கணக்கு உயிரோடு இருக்கும்.

ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்தல் வேண்டும். ஒன்பதிலிருந்து பத்து, பதினொன்றிலிருந்து பன்னிரண்டு முதல் முயற்சியிலேயே தேற வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம், நம் கணக்கில் 500-க்கு 300, எஸ்.சி., எஸ்.டி.க்கு 275. பத்து முடித்துப் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. போனால் தொகை நிற்கும். தனியார் பள்ளிக்கு மாறினாலும் நிற்கும். 450-க்கு மேல் எடுத்த அரசுப் பள்ளிப் பிள்ளையை "பீஸ் பாதி போதும்" என்று பதினொன்றாம் வகுப்புக்கு இழுக்கிற தனியார் பள்ளிகள் எல்லா மாவட்டத்திலும் உண்டு. அந்தப் பேச்சுக்கு இசைகிற பெற்றோர் மீதி 24,000 ரூபாயோடு கணக்கை முடித்துக்கொள்ளக்கூடாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத மருத்துவ இடஒதுக்கீடும், கல்லூரியில் மாதம் 1000 தருகிற புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் சேர்த்தே கைவிட்டுப் போகும். பாதி பீஸ் என்பது அப்போது அவ்வளவு மலிவாகத் தெரியாது.

மாநில அரசின் தேர்வுகளோடு ஒப்பிட்டால்? முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு 2023-ல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்கள் 1000 பேர், ஆண் 500, பெண் 500. ஆண்டுக்கு 10,000, பட்டப்படிப்பு முடிகிறவரை. ஆண்டுத் தொகை என்.எம்.எம்.எஸ்.ஸைவிடக் குறைவு, ஆனால் பிளஸ் டூவோடு நிற்பதில்லை. பிள்ளைக்குப் பணம் அதிகம் தேவைப்படும் கல்லூரிக் காலத்தைத் தாங்குவதால் இதுவே நல்ல வடிவமைப்பு. குறை, வெறும் 1000 இடம். தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு பதினொன்றாம் வகுப்புக்கு: 1500 பேர், மாதம் 1500, இரண்டு ஆண்டு. பாதி இடம் அரசுப் பள்ளிக்கு, மீதிப் பாதியில் தனியார், சி.பி.எஸ்.இ. பிள்ளைகளும் வரலாம், வருமான வரம்பு பார்த்து ஒதுங்குகிறவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை, நூல் வெளிப் பெட்டிகளையும் விடாமல் படித்தவர் எழுதலாம்.

ஒன்பதாம் வகுப்பு ஊரகப் பிள்ளைகளுக்கான ட்ரஸ்ட் தேர்வு மாவட்டத்துக்கு 100 பேரைத் தேர்ந்தெடுக்கிறது. தொகை ஆண்டுக்கு 1000 ரூபாய். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. வருமானச் சான்றுக்கு அப்பா இரண்டு நாள் கூலியை விட்டு அலைந்தால் முதல் ஆண்டுத் தொகை அங்கேயே தீர்ந்தது. தேர்வுப் பழக்கத்துக்காக எழுதச் சொல்லலாம். பணத்துக்காக என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்ல வாய் வராது.