குரூப் டூர் போகிறவர்களே, கையில் இருக்கும் பி.டி.எஃப். டிக்கெட் ஆகிவிடாது!

மலேசியா குரூப் டூர் முடிந்து முந்தாநாள் ராத்திரி திருச்சியில் இறங்கியிருக்க வேண்டியவர்கள், நேற்று காலையில்தான் வந்து சேர்ந்தோம். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும், உடம்புக்கு ஒண்ணும் ஆகலையே" என்று வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து என் வாயை அடைத்துவிடுவார்கள். போனது 58,400 ரூபாய். போகட்டும் என்று விட அது என்ன தெருவில் கிடந்த காசா?

ஏஜென்சி பெயரை எழுதப் போவதில்லை. நோட்டீஸ் அனுப்பும்வரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். தஞ்சாவூரில் மாடியில் ஒரு ஆபீஸ். காசி, ராமேஸ்வரம் என்று பஸ் விட்டு வளர்ந்து, இப்போது மலேசியா, பாலி, துபாய் என்று போஸ்டர் அடிக்கிற வகை. ஊரில் பாதிப் பேருக்கு யாரென்று புரிந்திருக்கும்.

பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கும் மாமியாருக்கும் நெடுநாள் ஆசை. என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு வயதானவர்களையும் தனியாக அழைத்துக்கொண்டு போவதற்கு குரூப் டூர்தான் பாதுகாப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். ஆளுக்கு 49,500 ரூபாய், விமானக் கட்டணம் இரு வழியும் சேர்த்து. நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, "இரு வழியும் சேர்த்து".

பணம் கட்டிய அன்று நடந்ததை அப்படியே சொல்கிறேன். முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்று, தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். ஃப்ரிட்ஜ் தண்ணி வேண்டாம், பானைத் தண்ணி கொடு என்று பையனை விரட்டினார். திருப்புகழில் நாலு வரி பாடியும் காட்டினார். மாமியார் அங்கேயே அவர் பேச்சில் விழுந்துவிட்டார். நான் டிக்கெட்டைக் கேட்டேன். குரூப்பில் 35 பேருக்கு இடம் முடிந்துவிட்டதாகவும், திரும்பி வர எங்கள் மூவருக்கு மட்டும் தனி பி.என்.ஆர். (முன்பதிவு எண்) என்றும் சொன்னார். அதே விமானம்தானா என்று கேட்டதற்கு, "தங்கச்சி, உங்க அம்மா எனக்கும் அம்மா. நடுவழியில விட்டுட்டு வருவேனா?" என்றார்.

பி.டி.எஃப். வாட்ஸ்அப்பில் வந்தது. ஏஜென்சி சின்னம், எங்கள் பெயர்கள், பாஸ்போர்ட் எண்கள், ஆறெழுத்து பி.என்.ஆர்., கீழே பச்சை நிறத்தில் "உறுதி செய்யப்பட்டது". வெப் செக்-இன் நானே செய்துகொள்ளட்டுமா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டேன். "ஐயய்யோ, தொட்டுடாதீங்க. குரூப் புக்கிங்ல ஒருத்தர் தனியா செஞ்சா மொத்த குரூப்பும் உடைஞ்சிடும். எங்க டூர் மேனேஜரே பாத்துப்பாரு" என்றார். எவ்வளவு அழகான பதில் பாருங்கள். யாரும் உள்ளே போய்ப் பார்த்துவிடக் கூடாது என்பதற்கே தயாரித்த பதில் என்று இப்போது தெரிகிறது.

டூரைப் பற்றிக் குறையில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டல் சுத்தம், சாப்பாடு நம்ம சாப்பாடு. பத்துமலையில் 272 படியையும் அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிட்டார்கள். கெந்திங், புத்ராஜெயா எல்லாம் பார்த்தோம்.

கடைசி நாள் கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரண்டாம் முனையம். மாலை ஆறு மணி, நம்ம ஊரில் மூன்றரை. எல்லோர் தலையிலும் ஏஜென்சி பெயர் போட்ட மஞ்சள் தொப்பி, பெட்டிகளில் மஞ்சள் ரிப்பன். தானியங்கி இயந்திரத்தில் பி.என்.ஆர். தட்டினால் போர்டிங் பாஸ் வரும். மற்றவர்களுக்கெல்லாம் வந்தது. எங்களுக்கு அப்படி ஒரு முன்பதிவே இல்லை என்று வந்தது. பெயரில் எழுத்துப் பிழையாக இருக்கும், கவுண்டரில் கேளுங்கள் என்றான் டூர் மேனேஜர் பையன்.

கவுண்டரில் இருந்த பெண் ரொம்பப் பொறுமையானவர். பாஸ்போர்ட்டை வைத்து ஒரு முறை, பெயரை வைத்து ஒரு முறை தேடிவிட்டு, திரையை என் பக்கம் திருப்பியே காட்டினார். சீட்டைப் பிடித்து மட்டும் வைத்திருக்கிறார்கள், கெடுவுக்குள் பணம் கட்டவில்லை, தானாக ரத்தாகிவிட்டது. ரத்தான தேதி நாங்கள் ஊரிலிருந்து கிளம்பியதற்கு முந்தைய வாரம். புரிகிறதா? நாங்கள் திருச்சியில் விமானம் ஏறும்போதே திரும்பி வர எங்களுக்கு டிக்கெட் கிடையாது. திருச்சி கவுண்டரில் ரிட்டர்ன் டிக்கெட் கேட்டார்கள், மலேசியக் குடிநுழைவிலும் (இமிகிரேஷன்) கேட்டார்கள். இரண்டு இடத்திலும் அந்த பி.டி.எஃப்.ஐக் காட்டினோம், பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அது விமான நிறுவனம் கொடுத்த டிக்கெட்டே அல்ல, ஏஜென்சி கம்ப்யூட்டரில் அடித்த தாள்.

முதலாளிக்குப் போன் போட்டால் ஆபீஸ் பெண் எடுத்தாள். "சார் சாப்ட்டுட்டுப் படுத்திருக்காரு, எழுந்ததும் பேசச் சொல்றேன்." எழுப்பு என்றேன். "எழுப்புனா திட்டுவாரு மேடம்." இங்கே கவுண்டர் மூட ஒரு மணி நேரம்கூட இல்லை, அவர் தூக்கம் கலையக் கூடாது!

டூர் மேனேஜர் என்ன செய்தான் தெரியுமா? "அக்கா, நீங்க பேசிக்கிட்டே இருங்க. நான் உள்ள போய் கேட்டுல சொல்லி ஃப்ளைட்ட நிறுத்தி வைக்கிறேன்" என்று மற்ற எல்லோரையும் கூட்டிக்கொண்டு குடிநுழைவைத் தாண்டிவிட்டான். தாண்டினால் வெளியே வர முடியாது என்பது அவனுக்குத் தெரியாதா? அடுத்து அவன் போன் அணைந்திருந்தது. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த ஒரு வாத்தியார் மட்டும் திரும்பிப் பார்த்து நின்றார். அவரையும் தள்ளிக்கொண்டு போனான்.

கடைசியில் முதலாளி லைனில் வந்தார். "ஏர்லைன்காரன் சிஸ்டம் பிரச்சினை மேடம். இப்போதைக்கு நீங்க டிக்கெட் போட்டுடுங்க, ஊருக்கு வந்ததும் ரொக்கமா கையில குடுத்துடுறேன், பில் மட்டும் பத்திரம்." அன்றைய விமானத்தில் இடம் முடிந்திருந்தது. மறுநாள் காலை விமானத்துக்கு மூன்று டிக்கெட், வங்கி பிடித்த அந்நியச் செலாவணிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 58,400 ரூபாய். அதையும் சுலபமாக வாங்கிவிட முடியவில்லை. என் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்து வைக்கப்பட்டிருந்தது. விமான நிலைய வைஃபையில் வங்கி ஆப்பைத் திறந்து அதை இயக்கி, கணக்கில் போதாத பணத்தைத் தம்பி ஊரிலிருந்து போட்டு, கவுண்டர் பெண் அதுவரை எங்களுக்காகக் காத்திருந்து... அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

இரவெல்லாம் புறப்பாட்டுத் தளத்து நாற்காலியில். ஏசி குளிர் எலும்பில் ஏறுகிறது. அம்மாவுக்குப் படி ஏறிய கால் வீங்கியிருந்தது, பெட்டி மேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்கள். தலையில் அந்த மஞ்சள் தொப்பி, காதுக்குக் குளிருகிறதாம், கழற்றவில்லை. எங்களை நட்டாற்றில் விட்டவனுக்கு அங்கேயும் இலவச விளம்பரம்! மாமியார் போலீஸ் பிடிக்குமோ என்று பயந்துகொண்டே இருந்தார். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமலே அனுமதி உண்டு, ஒரு ராத்திரி தங்கினால் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். கேட்டால்தானே. விசா வாங்க வேண்டிய நாடாக இருந்து, அதுவும் அன்றோடு முடிவதாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

நேற்று சாயங்காலமே ஆபீசுக்குப் போனேன். பானைத் தண்ணியும் இல்லை, நாற்காலியும் இல்லை. முதலாளி வெளியூர் என்றார்கள், அவர் செருப்பு வாசலில் கிடந்தது. நான் நகரவில்லை என்றதும் வந்தார். பில்லைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ரேட்டுக்கு ஏன் எடுத்தீங்க? வெயிட் பண்ணியிருந்தா நான் கம்மியா போட்டிருப்பேன்" என்றார். பிறகு, ஏர்லைனிடமிருந்து ரீஃபண்ட் வந்தால் தருகிறேன் என்றார். கட்டாத பணத்துக்கு ஏது ரீஃபண்ட்? கவுண்டரில் கேட்டு வாங்கி வந்திருந்த தாளை, ரத்தான தேதியும் காரணமும் உள்ள தாளை, மேசையில் வைத்தேன். முகம் மாறிவிட்டது. "58,400 எல்லாம் முடியாது. காசி டூர்ல மூணு சீட் ஃப்ரீயா தர்றேன், அதுல அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார். இவரை நம்பிக் காசிக்கு! அங்கேயே இருந்துவிடச் சொல்கிறாரோ என்னவோ. இல்லை, பணம்தான் வேண்டும் என்றேன். "சரி, என்ன பண்ணணுமோ பண்ணிக்குங்க" என்று உள்ளே போய்விட்டார். படி இறங்குவதற்குள் டூர் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள்.

இன்னொன்று. டி.சி.எஸ். வரி, அதாவது வெளிநாட்டு டூருக்கு ஏஜென்சி நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டிய வரி, என்று தனியாக ஒரு தொகை வாங்கியிருக்கிறார்கள், பான் எண்ணும் வாங்கினார்கள். அதை உண்மையில் கட்டினார்களா என்பது அவர்களுடைய காலாண்டுக் கணக்கு தாக்கலான பிறகு, நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் வருமான வரிப் படிவத்தில்தான் தெரியும். அதிலும் கை வைத்திருந்தால் அந்தக் கதையைத் தனியாக எழுதுகிறேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். பி.என்.ஆர். கையில் வந்ததும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் குடும்பப் பெயரோடு போட்டுப் பாருங்கள். கிளம்புவதற்கு முந்தின நாளும் பாருங்கள், திரும்புவதற்கு முன்பும் பாருங்கள். பார்ப்பதால் எந்த குரூப்பும் உடையாது. "நீங்க தொடாதீங்க" என்று ஏஜென்ட் சொன்னால் கட்டாயம் தொடுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே இயக்கிவிட்டுப் போங்கள். கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கும் அங்கீகார ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீர்கள், சுற்றுலா அமைச்சக அங்கீகாரம் ஏஜென்சிகளுக்குக் கட்டாயமே கிடையாது. ஏமாந்துவிட்டால் கவுண்டரிலேயே எழுத்தில் ஒரு தாள் கேட்டு வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் பதிந்துவிட்டேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நாம் ஏஜென்சிக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை என்று வக்கீல் சொன்னார். 58,400 ரூபாயும், ராத்திரி முழுக்க இரண்டு வயதானவர்களை உட்கார வைத்ததற்கு நஷ்டஈடும் கேட்கப் போகிறோம்.

இதே ஏஜென்சியின் பாலி குரூப் அடுத்த வாரம் கிளம்புகிறது. ஆபீஸ் படிக்கட்டில் போஸ்டர் பார்த்தேன், "இரு வழியும் சேர்த்து" என்றே போட்டிருக்கிறது. உங்கள் வீட்டு ஆள் யாராவது அதில் இருந்தால் ரிட்டர்ன் பி.என்.ஆரை இன்றைக்கே கேட்டு வாங்கி, நீங்களே போட்டுப் பாருங்கள்.