எமாஸ் தடுப்புப் படுகை: ஓடுபாதை முடிந்த பிறகு விமானத்தை நிறுத்துவது எது?

2000 மார்ச் 5. கலிபோர்னியாவின் பர்பேங்க் விமான நிலையத்தில் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் 1455 எண் விமானம் தரையைத் தொட்டபோது அதன் வேகம் சுமார் 182 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.). இருக்க வேண்டியதைவிட 44 நாட் கூடுதல். 3 டிகிரி சரிவில் இறங்க வேண்டிய போயிங் 737, 7 டிகிரி சரிவில் வந்திருந்தது. ஓடுபாதை முடிந்தும் நிற்கவில்லை. சுமார் 32 நாட் வேகத்தில் இரும்புத் தடுப்பையும் சுற்றுச்சுவரையும் உடைத்துக்கொண்டு நகரச் சாலைக்குள் புகுந்து, ஒரு பெட்ரோல் பங்க்குக்குப் பக்கத்தில் நின்றது. 142 பேரும் உயிர் தப்பினார்கள். இருவருக்குப் பலத்த காயம்.

2018 டிசம்பர் 6. அதே நிலையம், அதே ஓடுபாதை முனை, அதே நிறுவனம், கொட்டும் மழை. சவுத்வெஸ்ட் 278 ஓடுபாதையைத் தாண்டியது, ஆனால் சாலையை எட்டவில்லை. 117 பேருடன் சக்கரங்கள் புதைந்து நின்றுவிட்டது. அது புதைந்த இடம்தான் எமாஸ்.

எமாஸ் என்பது நொறுங்குவதற்காகவே செய்யப்பட்ட நுரைக் கான்கிரீட் படுகை. 4 அடிக்கு 4 அடிக் கட்டிகளை வரிசையாகப் பதித்திருப்பார்கள். மனிதர் நடந்தால் தாங்கும். விமானச் சக்கரம் ஏறினால் நொறுங்கும். நொறுக்குவதில் விமானத்தின் வேகம் செலவாகிறது. மின்சாரம், சென்சார், இயக்க ஆள் எதுவும் வேண்டாம். ஓடுபாதைப் பக்கம் தடிமன் குறைவாகத் தொடங்கி உள்ளே போகப் போகக் கூடும். எடுத்த எடுப்பில் ஆழமாக இருந்தால் மூக்குச் சக்கரம் முறிந்துவிடும். மழையில் இறுகியும் வெயிலில் தளர்ந்தும் போகிற மணலை நம்ப முடியாது. எமாஸின் வலிமை கணக்குக்குள் நிற்கிறது. மங்களூரில் 2010 மே 22 அன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 ஓடுபாதைக்கு அப்பாலிருந்த மணல் படுகையையும் கடந்து போய்ப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் மாண்டதை மறக்க முடியாது.

அமெரிக்க விதிப்படி பெரிய ஓடுபாதைகளின் முனைக்கு அப்பால் 1,000 அடி பாதுகாப்பு வெளி வேண்டும். சாலையோ ஏரியோ மலைச்சரிவோ இருக்கும் இடத்தில் அதற்கு எங்கே போவது? முழு அளவு எமாஸ் இருந்தால் 600 அடியில் அதே காப்பு கிடைக்கும். 70 நாட் வேகத்தில் உள்ளே வரும் விமானத்தை நிறுத்துவதே அதன் இலக்கு. ரிவர்ஸ் திரஸ்ட் (எஞ்சின் விசையை முன்பக்கமாகத் திருப்பி வேகத்தைக் குறைப்பது) இல்லை, பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறார்கள். இந்த எச்சரிக்கைதான் எமாஸின் பெரிய பலம்.

சிகாகோவின் மிட்வே விமான நிலையத்தில் 2005 டிசம்பர் 8 அன்று பனிப்பொழிவில் இறங்கிய சவுத்வெஸ்ட் 1248 ஓடுபாதையை விட்டு வெளியேறியபோது வேகம் 53 நாட். அங்கே படுகை இல்லை. வேலியை உடைத்துச் சாலையில் போன கார்மீது மோதி, அதிலிருந்த ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். ரிவர்ஸ் திரஸ்ட்டைத் தாமதமாக இயக்கியதே முதன்மைக் காரணம் என்று விசாரணை கண்டது; எமாஸ் இல்லாததும் சேதத்தைக் கூட்டியது என்று பதிவு செய்தது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 53 நாட்டில் இருக்கும் ஆற்றல் 70 நாட்டில் இருப்பதில் 57 சதவீதம்தான். நல்ல படுகை ஒன்று அடக்கியிருக்கக்கூடிய வேகம் அது. பின்னர் அங்கே எமாஸ் போட்டார்கள்.

குறைகளும் உண்டு. கணக்கு அந்த நிலையத்துக்கு வரும் கனமான விமானங்களை வைத்துப் போடப்படுவதால், இலேசான சிறு விமானத்தின் சக்கரம் போதிய ஆழத்துக்கு அழுந்தாது. ஜெட் எஞ்சின்களின் காற்று கட்டிகளைத் தின்றுவிடும். அதனால் ஓடுபாதை முனையிலிருந்து இடைவெளி விட்டே தொடங்க வேண்டும். கட்டிகளின் இணைப்பில் நீர் இறங்கி, உறைந்து, உருகினால் நுரை சிதையும். பூச்சையும் இணைப்புகளையும் ஒழுங்காகப் பார்க்காத நிலையம் இதை வாங்காமலிருப்பதே மேல். விமானம் ஏறிய பகுதியைச் சரிசெய்ய முடியாது. கட்டிகளை மாற்றித்தான் ஆக வேண்டும்.

விமானியின் பங்கும் இருக்கிறது. நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் 2016 அக்டோபர் 27 அன்று, அப்போது அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த மைக் பென்ஸ் பயணித்த 737, 7,000 அடி ஓடுபாதையில் 4,242 அடி கடந்த பிறகே தரையைத் தொட்டது. முனையில் நேராகப் போகாமல் வலப்புறம் விலகிப் படுகையின் ஓரத்தில் நின்றது. அன்று உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் படுகை நேராக நுழைபவருக்கே முழுப் பயன் தரும். நிற்காது என்று தெரிந்தவுடன் மையக்கோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிரேக்கை முழுதாக அழுத்துங்கள், விலகித் தப்பப் பார்க்காதீர்கள், நின்ற பின் எஞ்சினைக் கூட்டி வெளியே ஓட்ட முயலாதீர்கள். பயணிகளை இறக்கும்போது நொறுங்கிய கட்டிகளில் கால் இடறும் என்பதைச் சிப்பந்திகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மலைமீது எமாஸ் போடுகிறவர்கள் அடியிலுள்ள மண்ணையும் பார்க்க வேண்டும். மேற்கு வர்ஜினியாவின் யேகர் நிலையத்தில் 2010 ஜனவரியில் 34 பேருடன் ஓடிய ஜெட் ஒன்றைப் படுகை சரிவின் விளிம்புக்கு முன்னே நிறுத்தியது. 2015 மார்ச்சில் அந்தப் படுகையைத் தாங்க நிரப்பியிருந்த மண்மேடே சரிந்து கீழே போனது.