கூகுள் ஸ்காலரும் பப்மெடும்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

மருத்துவம், நர்சிங், பொதுச் சுகாதாரம் படிக்கும் ஆய்வு மாணவர்களில் பலர் கூகுள் ஸ்காலரில் தேடத் தொடங்கி அங்கேயே முடித்தும் விடுகிறார்கள். தொடங்குவதில் தவறே இல்லை. முடிப்பதில்தான் சிக்கல்.

எத்தனை லட்சம் முடிவுகள் என்று மேலே காட்டினாலும், ஒரு தேடலுக்கு முதல் 1000-ஐத் தாண்டிப் பார்க்க ஸ்காலர் விடாது. அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட பழைய கட்டுரைகள் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். சரி, தேதிவாரியாக அடுக்கலாம் என்றால் கடைசி ஓராண்டில் சேர்ந்தவை மட்டுமே வரும். ஒரு கேள்விக்கான எல்லா ஆய்வுகளையும் முறைப்படி தேடித் தொகுக்கும் சிஸ்டமேட்டிக் ரிவியூவுக்கு இது போதவே போதாது. அதே தேடலை இன்னொருவர் செய்து சரிபார்க்க வழி இருக்க வேண்டும்.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இலவசத் தளமான பப்மெடில் 'ஹார்ட் அட்டாக்' என்று மேற்கோள் குறி இல்லாமல் ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். பிறகு அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போய், ஹிஸ்டரியில் அந்தத் தேடலின் டீட்டெயில்ஸைத் திறங்கள். மாரடைப்பின் மருத்துவப் பெயரான 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்ற மெஷ் தலைப்பையும் (கட்டுரைகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் நிலையான சொல்) அது தானாகவே சேர்த்திருக்கும். அதனால் 'ஹார்ட் அட்டாக்' என்ற சொல்லே இல்லாத கட்டுரைகளும் சிக்கும். அதையே மேற்கோள் குறிக்குள் போட்டால் இந்தச் சேர்ப்பு நின்றுபோய், முடிவுகள் சட்டென்று குறையும். சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டாலும் அப்படித்தான். 'கட்டுரையே இல்லை' என்று கைடிடம் போய் நிற்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

மெஷ்ஷை மட்டும் நம்பினாலும் ஓட்டை விழும். புதிதாக வந்த கட்டுரைகளுக்குத் தலைப்பு போடச் சில நாள் ஆகலாம். பப்மெடின் முக்கியப் பகுதியான மெட்லைனில் சேராத இதழ்களின் கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் தலைப்பே இருக்காது. ஆகவே ஒவ்வொரு கருத்துக்கும் மெஷ் ஒரு பக்கம், டைட்டில்/அப்ஸ்ட்ராக்ட் புலத்தில் அதே பொருள் தரும் சொற்கள் இன்னொரு பக்கம் வைத்து, நடுவில் 'ஆர்' போட்டு இணையுங்கள். கருத்துகளுக்கு இடையில்தான் 'ஆண்ட்' வரும்.

ஸ்காலருக்கு இரண்டு வேலைகள் கொடுக்கலாம். ஒன்று, நல்ல கட்டுரை ஒன்று கையில் கிடைத்ததும் 'சைட்டட் பை' வழியாக அதற்குப் பின் வந்தவற்றைத் துரத்துவது. மற்றொன்று, முழுக் கட்டுரையின் இலவசப் பிரதி எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பது. அதில் கிடைக்காவிட்டால் நூலக வழி இருக்கிறது. அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. வீட்டிலிருந்து படிக்க, நிறுவனம் வழியாகக் கிடைக்கும் இன்ஃபெட் லாகின் வேண்டும், நூலகரிடம் கேளுங்கள்.

ஸ்காலர் தரும் மேற்கோள் விவரத்தை அப்படியே ஒட்டாதீர்கள். ப்ரீபிரிண்ட் (இதழில் வருமுன் வெளியிடும் பிரதி) ஆண்டும் இதழ் ஆண்டும் அதில் அடிக்கடி குழம்பிவிடும். பப்மெடிலிருந்து ஒரே முறையில் 10,000 பதிவுகள் வரை இறக்கி, மேற்கோள்களைச் சேமித்து வைக்கும் ஜோட்டீரோ மென்பொருளில் ஏற்றலாம்.

தேடல் முடிந்த கையோடு முழு வரியையும், தேதியையும், எண்ணிக்கையையும் ஒரு கோப்பில் ஒட்டிவிடுங்கள். 8 மணி நேரம் தொடாமல் விட்டால் பப்மெட் ஹிஸ்டரி அழிந்துவிடும்.