சூலூர்பேட்டை பிசிக்ஸ் டியூஷன்: ஆறு மாத அனுபவம்

நாங்கள் ஆந்திராவில், சூலூர்பேட்டைக்குப் பக்கத்துத் தடாவில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. நான் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஸ்ரீசிட்டியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். மகள் இன்டர் முதல் வருஷம் (தமிழ்நாட்டு பிளஸ் ஒன் மாதிரி), எம்.பி.சி. குரூப், அதாவது கணிதம், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. சூலூர்பேட்டை ஸ்டேஷன் பக்கம் மாடியில் நடக்கும் ஒரு பிசிக்ஸ் டியூஷனில் அவளைச் சேர்த்து ஆறு மாதம் ஆகிறது. இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பலர் விசாரிக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

இதற்கு முன் வேறு இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே எறிபொருள் இயக்கம், அதாவது எறிந்த பொருள் பறந்து விழும் பாடம், என்றால் மூன்று சூத்திரம்தான்: பறக்கும் நேரம், உச்ச உயரம், கிடைத்தொலைவு. மகள் ஒரு நாள் கேட்டிருக்கிறாள்: "பந்து மேலே இருக்கும்போது பூமி கீழே சுத்திக்கிட்டே இருக்கே சார், அதைக் கணக்குல சேர்க்க வேண்டாமா?" "வடக்கு அரைக்கோளத்துல எல்லாம் வலது பக்கம் விலகும். பரீட்சைக்கு வராது, உட்காரு" என்று பதில் வந்திருக்கிறது. அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த மாதமே இடத்தை மாற்றினோம்.

இந்த மாஸ்டரிடமும் முதல் வாரமே அதைக் கேட்டுவிட்டாள். அவர் தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். "நல்ல கேள்விம்மா, சனிக்கிழமை அதையே போடுவோம்" என்றார். சொன்னபடியே ஒரு முழு வகுப்பு எடுத்தார். அன்று எனக்கு லீவு. கடைசி பெஞ்சில் உட்காரலாமா என்று கேட்டேன். "வாங்க, உக்காருங்க" என்று இடம் காட்டினார்.

முதலில் பூமி ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி என்று கேட்டார். பிள்ளைகள் எல்லோரும் 86,400 என்றார்கள். அது சூரியனை வைத்து எண்ணும் நாள், நட்சத்திரங்களை வைத்து எண்ணினால் 86,164 நொடி, கணக்குக்கு அதைத்தான் எடுக்க வேண்டும் என்றார். நானே இதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் 100 மீட்டர் கோபுரம். உச்சியிலிருந்து ஒரு கல்லை விட்டால், காற்று இல்லை என்று வைத்துக்கொண்டால், நம் ஊரில் அது சுமார் 2.1 சென்டிமீட்டர் கிழக்கே தள்ளி விழும். அடிவாரத்தை விட உச்சி பூமியின் அச்சிலிருந்து தூரம், அதனால் அதற்குக் கிழக்கு வேகம் கொஞ்சம் கூடுதல். இது புரிந்தது. அதே கல்லைத் தரையிலிருந்து 100 மீட்டர் உயரத்துக்கு நேர் மேலே எறிந்தால் எங்கே விழும்? கிழக்கே என்று பாதிப் பேர், எறிந்த இடத்திலேயே என்று பாதிப் பேர். விடை, 8.5 சென்டிமீட்டர் மேற்கே. நாலு மடங்கு, அதுவும் எதிர்த் திசையில். ஏறும்போதே கல் பின்தங்கி மேற்கே நகர ஆரம்பிக்கிறது. இறங்கும்போது அந்த மேற்கு வேகம் குறைந்து, தரையைத் தொடும் நேரத்தில்தான் பூஜ்யமாகிறது. ஏறும்போதும் மேற்கு, இறங்கும்போதும் மேற்கு. இதைப் போர்டில் அம்புக்குறி போட்டு அவர் விளக்கிய விதத்துக்கே கட்டணம் சரியாகிவிட்டது என்பேன்.

கடைசியாக மகளின் கேள்விக்கு வந்தார். வடக்கு நோக்கி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், 45 டிகிரியில் ஒரு பந்து. 41 மீட்டர் போய் விழும். வலது பக்கம், அதாவது கிழக்கே, விலக வேண்டும் அல்லவா? கணக்குப் போட்டால் முக்கால் மில்லிமீட்டர் மேற்கே வருகிறது! வடக்கே போகும் வேகம் பந்தைக் கிழக்கே தள்ளுகிறது, மேலே எழும் வேகம் மேற்கே தள்ளுகிறது. நம் ஊர் 13.7 டிகிரி அட்சரேகையில், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டாவது ஜெயிக்கிறது. இங்கே சுமார் 36 டிகிரிக்குக் கீழே எறிந்தால்தான் பந்து வலது பக்கம் விலகும். டெல்லியில் அதே 45 டிகிரியில் எறிந்தால் கிழக்கேதான் போகும். மனப்பாடம் செய்யச் சொன்ன விதி நம் ஊரிலேயே நிற்கவில்லை. என் மகள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முக்கால் மில்லிமீட்டர் என்பதால் பாடப்புத்தகம் அதை விட்டுவிடுவது நியாயம் என்றும் சொன்னார். வேகம் நொடிக்கு 1,000 மீட்டர் ஆனால் விலகல் 50 × 50 × 50, அதாவது 1,25,000 மடங்கு கூடி 93 மீட்டர் ஆகிவிடும். அப்போது விட முடியாது. காற்றையும் சேர்த்தால் எண்கள் மாறும் என்பதை மறக்காமல் சொன்னார்.

பக்கத்திலேயே ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது ராக்கெட் பேச்சு வராமல் இருக்குமா? அங்கே தரையே நொடிக்குச் சுமார் 450 மீட்டர் கிழக்கே ஓடுகிறது. கிழக்கே ஏவினால் அது இனாம். துருவங்களுக்கு மேலே சுற்றும் பாதைக்காகத் தெற்கே போகும் பிஎஸ்எல்வி ராக்கெட்டுக்கு அந்த இனாம் கிடையாது, இலங்கைக்கு மேல் போகாமல் இருக்க வளைந்து வேறு போக வேண்டும். இந்த விலகலுக்குக் கொரியாலிஸ் விளைவு என்று பெயர்; அந்தப் பெயருக்குரிய பிரெஞ்சு விஞ்ஞானி கொரியாலிஸ் 1835-ல் சுழலும் எந்திரங்களைப் பற்றித்தான் எழுதினார், தண்ணீர்ச் சக்கரம் மாதிரி. எந்திரத்தோடு வேலை செய்கிற எனக்கு அதைக் கேட்டதில் தனி சந்தோஷம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நோட்ஸ் முழுக்க இங்கிலீஷ், தமிழிலோ தெலுங்கிலோ ஒரு வரி இல்லை. எட்டு மணிக்கு முடிய வேண்டிய வகுப்பு எட்டரைக்கும் முடிவதில்லை, இரண்டு தடவை தடா ரயிலை விட்டு பஸ்ஸில் கூட்டி வந்தேன். மாடிப்படியில் விளக்கு இல்லை, பெண் பிள்ளைகள் வரும் இடத்தில் அது பெரிய குறை. நானே நேரில் சொல்லியிருக்கிறேன், இன்னும் போடவில்லை. டெஸ்ட் மாதத்துக்கு ஒன்றுதான். ஆந்திர இன்ஜினீயரிங் நுழைவுத் தேர்வான எப்செட்டுக்கு வேகமாக டிக் அடிக்கும் பயிற்சி வேண்டுமென்றால் அதற்குத் தனியாக வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கட்டணம் மாதம் 1,500, ரசீது தருகிறார். சேர்ப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை பிள்ளையோடு போய் நீங்களும் உட்கார்ந்து பாருங்கள், அதற்குப் பணம் வாங்குவதில்லை. போகும்போது டார்ச் எடுத்துப் போங்கள்.