பிக்கப்பின் பெட்ரோல் டேங்க்: கீழே இறக்குவதா, பெட்டைத் தூக்குவதா?

அமெரிக்க பிக்கப்களில், இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப் டேங்குக்குள்தான் இருக்கும். அதை மாற்ற டேங்கின் மேல்பக்கத்துக்குக் கை போக வேண்டும். கார் என்றால் பல மாடல்களில் பின் சீட்டைத் தூக்கினால் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் பம்ப் கண்ணுக்குத் தெரியும். பிக்கப்பில் அந்த வசதி பொதுவாகக் கிடையாது. டேங்குக்கு மேலே, சரக்கு ஏற்றும் பெட் மொத்தமாக மூடிக்கொண்டிருக்கும். அதனால் டேங்கைக் கீழே இறக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டை மேலே தூக்க வேண்டும். ஹூஸ்டனில் என் 2004 மாடல் பிக்கப்பின் பம்ப் போனபோது நான் பெட்டைத் தூக்கித்தான் மாற்றினேன். வீட்டில் வேலை செய்பவர்களுக்கு அதுவே நல்லது என்று அடித்துச் சொல்வேன்.

எந்த வழியானாலும் தொடக்கம் ஒன்றுதான். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். பம்ப் செத்திருந்தாலும் பெட்ரோல் போகும் லைனில் அழுத்தம் மிச்சமிருக்கலாம், அதை முதலில் விடுவியுங்கள். திறந்தவெளியில் செய்யுங்கள்.

டேங்கை இறக்குவது கேட்பதற்கு எளிது. வண்டியை ஜாக்கில் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். டேங்குக்கு அடியில் இன்னொரு ஜாக், அதன்மேல் ஒரு பலகை. தாங்கிப் பிடிக்கும் இரண்டு இரும்புப் பட்டைகளைக் கழற்றி மெதுவாக இறக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் லிஃப்ட் இருக்கிறது, டேங்கைத் தாங்க உயரமான ஜாக் இருக்கிறது, எண்ணெயை உறிஞ்சி எடுக்க மெஷின் இருக்கிறது. அவர்களுக்கு இது சாதாரண வேலை. வீட்டு டிரைவ்வேயில் மல்லாந்து படுத்துச் செய்யும்போதுதான் கதை மாறுகிறது.

கதையை மாற்றுவது டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல். என் வண்டியின் டேங்க் 26 கேலன், கிட்டத்தட்ட 98 லிட்டர். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்தால், நிறைந்த டேங்கில் 70 கிலோவுக்கு மேல் எண்ணெய் மட்டும் இருக்கும். பாதி என்றாலும் 35 கிலோவைத் தாண்டும். அதுவும் அசையாத எடை இல்லை. டேங்க் லேசாகச் சாய்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அந்தப் பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். ஒற்றை ஜாக்கின் மேல், முகத்துக்கு ஒரு முழத்தில் அது ஆடுவதை நினைத்துப் பாருங்கள்.

சரி, முதலில் வடித்துவிட்டால் போயிற்று என்பார்கள். எங்கே வடிப்பது? பெட்ரோல் போடும் வாய் வழியாகக் குழாய் விட்டு உறிஞ்சலாம் என்றால், பல வண்டிகளில் குழாய் உள்ளே போகாதபடி தடுப்பு வைத்திருக்கிறார்கள். வண்டியின் பம்பையே ஓடவிட்டு இன்ஜின் பக்கத்து லைன் வழியாக எடுப்பது நல்ல வழிதான். ஆனால் நாம் இந்த வேலையில் இறங்கியதே பம்ப் ஓடாததால்தானே! பம்ப் எப்போது போகும் என்று நாள் குறித்துக்கொண்டு டேங்கைக் காலியாக வைத்திருக்கவும் முடியாது.

வடிக்க முடிந்தாலும் ஆபத்து தீர்வதில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழும். மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும் பொருள் இது. டெக்சாஸ் வெயிலில் சொல்லவே வேண்டாம். இங்கே பல வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டர் காரேஜுக்குள்ளேயே இருக்கிறது. அதன் தீப்பொறி தரையிலிருந்து 18 அங்குலமாவது உயரத்தில் இருக்க வேண்டும் என்று கட்டட விதியே இருப்பது இந்த ஆவியை மனதில் வைத்துத்தான். பக்கெட் பக்கெட்டாகப் பெட்ரோலைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுப்பது, அந்த ஆவி தேங்கும் இடத்திலேயே போய்ப் படுப்பது.

பெட்டைத் தூக்கினால் டேங்க் இருந்த இடத்திலேயே இருக்கும். முக்கால் டேங்க் எண்ணெய் இருந்தாலும் வடிக்க வேண்டியதில்லை. கழற்ற வேண்டியவை பின் விளக்கு ஒயரின் கனெக்டர், சேசிஸுக்குப் போகும் எர்த் ஒயர், பெட்ரோல் வாயைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள், அப்புறம் மாடலைப் பொறுத்து ஆறு அல்லது எட்டு பெரிய போல்ட். பெட்டின் பின்கதவான டெயில்கேட்டை முதலிலேயே கழற்றி வையுங்கள், எடை குறையும். நாலு பேர் கிடைத்தால் பெட்டை முழுசாகத் தூக்கிப் பின்னால் வைக்கலாம். ஆள் குறைவு என்றால் டேங்க் இருக்கும் பக்கத்துப் போல்ட்களை எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்துப் போல்ட்களைத் தளர்த்தி, பெட்டைச் சாய்த்துக் கனமான மரக்கட்டையால் முட்டுக் கொடுக்கலாம். நான் செய்தது இப்படித்தான். முட்டு நழுவாமல் கட்டிவைக்க வேண்டும். பெட்டின் முன்மூலை கேபினில் உரசி பெயின்ட் போகாமல் நடுவே ஒரு பழைய போர்வை போதும்.

இதில் இன்னொரு லாபம், நின்றபடி வேலை செய்கிறோம். பம்பின் மேல் சேர்ந்திருக்கும் மண்ணை, திறப்பதற்கு முன்பே நன்றாகத் துடைக்கலாம். பெட்ரோல் லைன்களின் பிளாஸ்டிக் கிளிப்புகள் பழசானால் லேசாக முறுக்கினாலே உடையும். டேங்கை இறக்கும்போது அவற்றைக் கண்ணால் பார்க்காமல், இடுக்கில் விரல் விட்டுத் தடவித்தான் கழற்ற வேண்டியிருக்கும். பம்பைப் பிடித்திருக்கும் வளையத்தை மட்டும் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டிக் கழற்றுங்கள். இரும்பு வேண்டாம், பொறி பறக்கும்.

டேங்கை இறக்கியே தீர வேண்டிய இடங்களும் உண்டு. டேங்கே ஓட்டையாகிவிட்டால் பெட்டைத் தூக்கி மட்டும் பயனில்லை. பெட்டின் மேல் கேம்பர் கூண்டோ பெரிய டூல் பாக்ஸோ இருந்தால் கணக்கு மாறிவிடும். பட்டைகள் துருப்பிடித்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். 2011-ல் ஃபோர்டு, பழைய எஃப்-150 பிக்கப் உட்பட சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததே, பனியைக் கரைக்கச் சாலையில் தூவும் உப்பில் இந்தப் பட்டைகள் அரித்து டேங்க் கீழே விழக்கூடும் என்பதால்தான். மிச்சிகன், ஒஹாயோ பக்கத்து வண்டிகளில் பெட் போல்ட்களும் அதே உப்பில் இறுகிப்போயிருக்கும். அந்த ஊர் வண்டிகளில் நான் கை வைத்ததில்லை, அதனால் அங்கேயும் இதுவே சுலபம் என்று சொல்லமாட்டேன். முந்தின நாளே போல்ட்களுக்குத் துரு நீக்கும் எண்ணெய் அடித்துவிட்டு, ஒன்றிரண்டைத் திருகிப் பார்த்து முடிவெடுங்கள்.

பெட்டின் தரையையே அறுத்து ஓட்டை போட்டு, மூடி வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். பெட்ரோல் டேங்குக்கு ஒரு சாண் மேலே கிரைண்டர் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். விற்கும்போதும் அந்த ஓட்டை விலையைக் குறைக்கும்.

புது பம்பை மாட்டியதும் பெட்டை இறக்க அவசரப்பட வேண்டாம். பேட்டரியை இணைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பம்ப் ஓரிரு நொடி ஓடி நிற்கும். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பிலும் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். சந்தேகம் இருந்தால் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்டை இறக்கி, போல்ட்களை எல்லாம் கையால் பாதி ஏற்றிய பிறகு இறுக்குங்கள்.