ஏத்தங்காய் சிப்ஸ்: 319-ஆ, 307-ஆ, தேங்காய் எண்ணெயே போதுமா?

துபாயில் இருக்கும் தம்பிக்கு அனுப்ப இரண்டு கிலோ ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் வேண்டும் என்று மார்த்தாண்டத்தில் எங்கள் தெருமுனையில் பொரிக்கும் அக்காவிடம் சொன்னேன். கொதிக்கிற தேங்காய் எண்ணெயில் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரைத் தெளித்தார். சடசடவென்று பொங்கி அடங்கியது. "தாறேன் மக்ளே, ஆனா மூணு வாரத்துக்கு மேல வச்சுத் தின்னாதீங்க" என்றார். கடையில் வாங்கிய இன்னொரு பாக்கெட்டில் நாலு மாதம் என்று அச்சடித்திருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் 319, எண்ணெய் சீக்கிரம் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஒரு பொருளின் எண்.

சிப்ஸில் ஈரம் மிகக் குறைவு, அதனால் அது பூஞ்சை பிடித்துக் கெடுவது அரிது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து காறிப்போவதுதான், அதாவது பழைய எண்ணெய் வாடை ஏறுவதுதான், முதல் சிக்கல். எண்ணெயில் லினோலிக் அமிலம் என்ற, காற்றோடு எளிதில் சேரும் கொழுப்பு அமிலம் கூடக்கூடக் காறலும் சீக்கிரம் வரும். சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் அது பாதிக்கு மேல், பாமாயிலில் பத்து சதவீதம் அளவில், தேங்காய் எண்ணெயில் வெறும் இரண்டு சதவீதம் போல. நம்மூர் எண்ணெய்க்கு இயல்பிலேயே இந்தத் தாங்கும் சக்தி உண்டு.

ஆனால் அதன் பலவீனம் வேறு. ஈரம் பட்டால் கொழுப்பு உடைந்து சோப்பு மாதிரி ஒரு சுவை வரும். இரண்டு பருவமழையும் பெய்கிற எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 319 போட்டாலும் இதற்குப் பயனில்லை, ஏனென்றால் இது ஆக்சிஜன் செய்கிற வேலையே அல்ல. பொரித்ததை நன்றாக ஆறவிட்டு, ஈரம் புகாமல் அடைப்பதுதான் வழி.

சரி, 319-க்கு வருவோம். இது டிபிஎச்கியூ என்ற செயற்கை ஆன்டி ஆக்சிடன்ட், அதாவது எண்ணெய் காற்றோடு சேர்ந்து காறுவதைத் தள்ளிப்போடும் பொருள். விலை குறைவு, பொரிக்கிற சூட்டையும் ஓரளவு தாங்கும், தாவர எண்ணெயில் நன்றாக வேலை செய்யும். இந்தியாவில் ஒரு கிலோ எண்ணெய்க்கு 200 மில்லிகிராம் வரைதான் அனுமதி. நூறு கிராம் சிப்ஸில் 35 கிராம் எண்ணெய் இருந்தால், அதிகபட்சம் 7 மில்லிகிராம் உள்ளே போகும். உலக அளவிலான நிபுணர் குழு வைத்திருக்கும் தினசரி வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம். அறுபது கிலோ ஆளுக்கு 42 வரும், கவலை இல்லை. பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு 10.5 தான். ஒரு நூறு கிராம் பாக்கெட்டிலேயே மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிடுகிறது. அதனால் 319-ஐ விஷம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சின்னப் பிள்ளை கையில் தினமும் கொடுக்கவும் மாட்டேன்.

இதே வேலைக்கான இன்னொரு செயற்கைப் பொருளான 320, அதாவது பிஎச்ஏ, எனக்கு வேண்டவே வேண்டாம். எலிகளின் முன்வயிற்றில் கட்டிகளை உண்டாக்கியதால், மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் அது இருக்கிறது. மனிதருக்கு முன்வயிறே கிடையாது என்ற மறுவாதமும் நியாயம்தான். ஆனால் மாற்று இருக்கும்போது அந்த வழக்கை நான் ஏன் சுமக்க வேண்டும்? அதே வகையைச் சேர்ந்த 321 பொரிக்கும் சூட்டில் பெரும்பகுதி ஆவியாகிவிடும், அதனால் இங்கே பேச ஒன்றுமில்லை.

307 என்பது வைட்டமின் ஈ. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தாவர எண்ணெயில் 319 அளவுக்கு வலு கிடையாது. அளவு மீறிச் சேர்த்தால் அதுவே காறலைத் தூண்டவும் செய்யும். ரோஸ்மேரி இலைச் சாறான 392 நல்ல தேர்வு, ஆனால் விலை கூடுதல்.

இவை எதுவும் ஏற்கெனவே காறிப்போன எண்ணெயைத் திருத்தாது, ஆரம்பத்திலேயே சேர்த்தால் காறலைத் தள்ளிப்போட மட்டுமே செய்யும். செம்பு கலந்த வெண்கல உருளியில் பொரித்தாலும் காறல் வேகமாகும். போன மாதம் ஒரு கடை வாசலில் வெயில் படத் தொங்கிய கண்ணாடிக் கவர் பாக்கெட்டைப் பிரித்தேன், முதல் வாயிலேயே பழைய எண்ணெய் வாடை. எந்த எண் போட்டிருந்தாலும் அந்த வெயிலை அது நெடுநாள் தாங்கியிருக்காது.

ஊருக்குள் விற்கவும் வீட்டில் தின்னவும் என் ஓட்டு தேங்காய் எண்ணெய்க்கே. ஓணத்துக்கு மொத்தமாகப் பொரித்து அடுக்காமல், வாரம் ஒருமுறை கொஞ்சமாகப் பொரிக்க வேண்டும், அவ்வளவுதான். துபாய்க்கு மட்டும், அதே அக்காவின் சிப்ஸை அலுமினியப் பூச்சுள்ள பையில் நைட்ரஜன் நிரப்பி அடைக்கத் தெரிந்த ஒரு பாக்கிங் கடையில் கொடுத்திருக்கிறேன். காற்றையே வெளியேற்றிவிட்டதால், எந்த எண்ணும் சேர்க்கச் சொல்லவில்லை.